துளை ஒன்றுதான், மணி ஏன் வேறாகிறது? கேப்சூல் பெல்லட்டின் அளவும் அதை ஆட்டிவைக்கும் நீரும்

அதே மருந்து, அதே கலவை, மாவைப் பிழியும் அதே 1.0 மி.மீ. துளைத் தகடு. கத்திரி வெயிலில் வேலூரில் ஓட்டிய பேட்ச்சில் சல்லடைக்கு அடியில் தூள் குவிகிறது. கார்த்திகை மழையில் ஓட்டியதில், கேப்சூலுக்குள் போக வேண்டிய மணிகள் பருத்து, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷிஃப்ட்டில் நிற்பவரானாலும், பார்மசி கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்பவரானாலும், சந்தேகப்பட்டு முதலில் கழற்றிப் பார்ப்பது துளைத் தகட்டைத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. மணியின் அளவைத் துளை தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. அது எங்கே போய் நிற்கும் என்பதை உருட்டும் நேரத்தில் மாவுக்குள் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

மணி உருவாகும் விதம்

கேப்சூலைப் பிரித்தால் கேழ்வரகு போலக் கொட்டுகிறதே, அதுதான் பெல்லட். வழக்கமான அளவு 0.5 முதல் 1.5 மி.மீ. வரை. சர்க்கரை உருண்டையின் மேல் மருந்துக் கரைசலைத் தெளித்துத் தெளித்து வளர்க்கும் மணிகளும் உண்டு. அவற்றின் கணக்கு வேறு. இங்கே பேசுவது மாவைப் பிழிந்து, நறுக்கி, உருட்டும் எக்ஸ்ட்ரூஷன்–ஸ்ஃபெரோனைசேஷன் முறையை. உருட்டும் இயந்திரம் 1960-களில் ஜப்பானில் ‘மாருமரைசர்’ என்ற பெயரில் வந்தது. ஜப்பானிய மொழியில் ‘மாரு’ என்றால் வட்டம். 1970-ல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பிறகு மருந்துத் துறை இதைக் கையில் எடுத்துக்கொண்டது.

1. உலர் கலவை: மருந்து, நுண்படிகச் செல்லுலோஸ் (எல்லோரும் சொல்வது எம்சிசி), பெரும்பாலும் லாக்டோஸ்.
2. நனைத்துப் பிசைதல்: நீர் சேர்த்து ஈர மாவாக்குவது.
3. பிழிதல்: எக்ஸ்ட்ரூடரில் துளைத் தகடு வழியாகத் தள்ளினால் சேமியா போன்ற இழைகள் வரும்.
4. உருட்டல்: வரிவரியாகக் குறுக்கு வெட்டுப் போட்ட தட்டு, நிலையான உருளைச் சுவருக்குள் வேகமாகச் சுழலும். இழை நறுங்கி, முனை மழுங்கி, உருண்டையாகும்.
5. உலர்த்திச் சலித்தல்.

முறுக்கு பிழிந்தவர்களுக்கு மூன்றாம் படியை விளக்க வேண்டியதில்லை. மாவு இளகினால் அச்சிலிருந்து வருவது ஒன்றோடொன்று ஒட்டும். இறுகினால் முள் முள்ளாகச் சொரசொரத்து அறுந்து விழும். பதம் என்று வீட்டில் சொல்வதைத்தான் தொழிற்கூடத்தில் ஈரப்பத சதவீதமாக எழுதுகிறார்கள்.

இந்தப் பதத்தைக் காப்பது எம்சிசி. அது ஒரு பஞ்சு போல வேலை செய்கிறது. துளைக்குள் அழுத்தம் வரும்போது உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் வெளியே விடும். அந்த நீர் துளைச் சுவரில் வழுக்கலைத் தரும். அழுத்தம் நீங்கியதும் நீரை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இழை துளையை விட்டு வெளிவந்த பிறகும் குழையாமல் நிற்கிறது. லாக்டோஸ் மட்டும் வைத்து இதே வேலையைச் செய்ய முயன்றால் நீர் பிதுங்கி வெளியேறும், மாவு உள்ளேயே இறுகிப்போகும்.

துளை எவ்வளவு சொல்கிறது

1.0 மி.மீ. துளையில் வரும் இழையின் விட்டம் 1.0 மி.மீ. அது எவ்வளவு நீளத்தில் நறுங்குகிறதோ அதற்கேற்ப மணியின் அளவு மாறும். கணக்கு எளிது. உருளைத் துண்டின் கன அளவும் உருண்டையின் கன அளவும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. துண்டின் நீளம் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால், உருண்டை 1.0 மி.மீ.
2. நீளமும் விட்டமும் சமம் என்றால், 1.14 மி.மீ.
3. நீளம் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு என்றால், 1.31 மி.மீ.

ஆக ஒரே துளையிலிருந்து 1.0-ம் வரலாம், 1.3-ம் வரலாம். எந்த நீளத்தில் நறுங்கும் என்பதைத் தீர்மானிப்பது இழையின் உறுதி. காய்ந்த இழை குட்டையாக, பொடி உதிர்த்துக்கொண்டு உடையும். ஈரமான இழை வளையும், நீளமாகவே தங்கும், உடைந்ததும் பக்கத்துத் துண்டோடு சேர்ந்துகொள்ளும். உலரும்போது மணி சுருங்குவதும் சேர்ந்தால்தான் கையில் கிடைக்கும் அளவு. 1.14 மி.மீ. ஈர மணி பத்து சதவீதம் சுருங்கினால் 1.03-க்கு வந்து நிற்கும். ‘1.0 துளை போட்டால் 1.0 மணி வரும்’ என்ற நம்பிக்கை இப்படி இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் பிழைத்திருக்கிறது.

நீர்க் கணக்கு

ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பழைய விகிதம் ஒன்று உண்டு: எம்சிசி 5, லாக்டோஸ் 5, நீர் 6. இதையே எடுத்துக்கொள்வோம். 250 கிராம் எம்சிசி, 250 கிராம் லாக்டோஸ், 300 கிராம் நீர். உலர் எடையை வைத்துச் சொன்னால் 60 சதவீத நீர். மொத்த எடையை வைத்துச் சொன்னால் 37.5 சதவீதம். மாவைச் சூடேற்றி ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் பேலன்ஸ் காட்டும் எல்ஓடி (உலர்த்தும்போது குறையும் எடையின் சதவீதம்) இரண்டாவது வகை. பேட்ச் ரெக்கார்டில் ஒருவர் ஒன்றையும் அடுத்தவர் மற்றொன்றையும் எழுதி வைத்துக் குழம்புவது சாதாரணமாக நடக்கிறது.

இந்த வேறுபாட்டில் ஒரு பொறியும் இருக்கிறது. பிசைந்தது முதல் உருட்டல் முடிவதற்குள் 15 கிராம் நீர் ஆவியாகிவிட்டது என்று வையுங்கள். மொத்த நீரில் அது 5 சதவீதம். எல்ஓடியோ 37.5-லிருந்து 36.3-க்குத்தான் இறங்கும். திரையில் ஒரு புள்ளிதானே என்று தள்ளிவிடத் தோன்றும். மணிக்கு அது ஒரு புள்ளி இல்லை.

நீர் கூடக் கூட நடப்பது இது. மிகக் குறைவாக இருக்கும்போது இழையின் மேல் சுறாத்தோல் போலச் செதில் கிளம்பும். உருட்டலில் பாதி தூளாகும். கொஞ்சம் ஏற்றினால் மணி வரும், ஆனால் நடுவில் இடுப்புச் சிறுத்த டம்பெல் வடிவத்திலேயே நிற்கும். சரியான பதத்தில் உருண்டை. அதைத் தாண்டினால் நீர் மணியின் மேற்பரப்புக்கு வந்து பளபளக்கும். அந்தப் பளபளப்பு தெரிந்த நொடியிலிருந்து மணிகள் தூளையும், பிறகு ஒன்றையொன்றும் பிடித்து வளரத் தொடங்கும். சில நொடிகளில் ஜவ்வரிசி, ஒரு நிமிடத்தில் சுண்டைக்காய். அங்கிருந்து திரும்பி வர வழி இல்லை. கொஞ்சம் உலர் எம்சிசியைத் தூவிக் காப்பாற்றுவது உண்டு என்றாலும், அது அந்த பேட்ச்சின் கலவை விகிதத்தையே மாற்றிவிடும் என்பதால் நல்ல பழக்கம் அல்ல.

நீரில் நன்றாகக் கரையும் மருந்தானால் இன்னும் கவனம் வேண்டும். கரைந்த மருந்தும் திரவத்தின் பங்கில் சேர்ந்துகொள்கிறது. 300 கிராம் நீர் ஊற்றியதாக நினைத்திருப்போம், மாவு அதற்கும் மேல் ஊற்றியதுபோல நடந்துகொள்ளும். மாவு சூடானால் கரைதிறன் கூடி, இதுவும் கூடும்.

வெயிலும் மழையும் எங்கே நுழைகின்றன

40 டிகிரி செல்சியஸில் காற்று ஒரு கனமீட்டருக்கு 51 கிராம் நீராவி வரை தாங்கும். மே மாத மதியத்தில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், ஏற்கெனவே இருப்பது 13 கிராம். இன்னும் 38 கிராமுக்கு இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் 27 டிகிரி, 85 சதவீதம் என்றால் மிச்ச இடம் வெறும் 4 கிராம். ஆவியாகும்போது காற்றே குளிர்வதால் அந்த 38-ஐயும் அது உறிஞ்சிவிடாது. ஆனாலும் இரண்டு காலத்துக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் நின்றுவிடும். ஏசி சரியாக ஓடும் அறையில் இந்தக் கவலை குறைவு. மின்விசிறிக்குக் கீழே சிறிய இயந்திரம் வைத்து வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் இதுவே முழுக் கதையும்.

ஏசி இருந்தாலும் மறந்துபோகும் மூன்று வாசல்கள் உண்டு.

1. கம்ப்ரஸர் காற்று. தட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் தூள் இறங்காமலிருக்க அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். அது டிரையர் வழியாக வரும் வறண்ட காற்று, அடைமழையிலும் வறண்டதே. வால்வைத் தேவைக்கு மேல் திறந்து வைத்தால் மணி உருளும்போதே காய்ந்துகொண்டிருக்கும்.

2. மூலப்பொருளின் சொந்த ஈரம். எம்சிசியில் 7 சதவீதம் வரை ஈரம் அனுமதிக்கப்படுகிறது. கோடையில் 3 சதவீதமாக வந்த பை மழையில் 6 சதவீதமாக இருந்தால், 250 கிராமில் அது 7.5 கிராம் நீர். நாம் ஊற்றாத நீர்.

3. காத்திருப்பு. பிசைந்த மாவை மூடிய பாலித்தீன் பையில் அரை மணி வைத்தால் நீர் எங்கும் ஒரே சீராகப் பரவும், அது நல்லது. பிழிந்த இழையைத் திறந்த ட்ரேயில் அதே அரை மணி வைத்தால் மேல்தோல் காய்ந்துவிடும். மேல் காய்ந்த இழை உடையும், ஆனால் மழுங்காது. தேநீர் இடைவேளை இந்த இரண்டில் எதன் மேல் விழுகிறது என்பது பேட்ச்சின் தலையெழுத்தையே மாற்றும்.

இன்னொன்று, எம்சிசியின் கிரேடு எண் ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு உற்பத்தியாளரின் சரக்கு ஒரே அளவு நீரைப் பிடிப்பதில்லை. சப்ளையரை மாற்றினால் நீர் அளவை மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். கிரேடு ஒன்றுதானே என்று பர்ச்சேஸ் பிரிவு சொல்வதை நம்பி ஓட்டக்கூடாது.

எக்ஸ்ட்ரூடரில் பார்க்க வேண்டியவை

திருகு வகை எக்ஸ்ட்ரூடர் மாவை அழுத்திச் சூடேற்றும். சூடு ஏறினால் நீர் போகும்; அதைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டின் தடிமனுக்கும் துளை விட்டத்துக்கும் உள்ள விகிதமும் பேசும். 1.0 மி.மீ. துளைக்கு 1 மி.மீ. தகடு தரும் இழையைவிட 2 மி.மீ. தகடு தருவது இறுக்கமும் வழுவழுப்பும் கூடியது. ஆனால் அழுத்தமும் சூடும் கூடவே ஏறும்.

வேகத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடும் என்று திருகை முடுக்குவார்கள். ஓர் எல்லைக்கு மேல் இழையின் மேற்பரப்பு கிழிய ஆரம்பிக்கும். செதிலடித்த இழை உருட்டலில் எங்கெங்கோ உடையும், அளவு பரவிப்போகும். அப்படி இருக்கும்போது உருட்டல் இயந்திரத்தில் என்ன மாற்றினாலும் சரியாகாது.

முதலில் வரும் இழையும் கடைசியில் வரும் இழையும் ஒன்றல்ல. அழுத்தத்தில் நீர் மாவைவிட வேகமாக முன்னேறிச் செல்வதால் முதலில் ஈரமாகவும் கடைசியில் வறண்டும் வர வாய்ப்பு உண்டு. இரண்டையும் தனித்தனியே எல்ஓடி பார்த்தால் தெரிந்துவிடும். தகட்டைக் குறை சொல்ல ஒரே ஒரு நியாயமான காரணம் தேய்மானம்: நாள்பட்டால் துளை அகலும், தகடு வெளிப்பக்கம் உப்பும். துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் அளவு ஊசியான பின் கேஜ் வைத்து அளந்தால் ஐந்து நிமிட வேலை.

உருட்டும் தட்டு: வேகம், நேரம், சரக்கு

அளவு பெரும்பாலும் முதல் நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. இழை நறுங்குவது அப்போதுதான். அடுத்த சில நிமிடங்கள் வடிவத்துக்கானவை. இதைப் புரிந்துகொண்டால், மணி சிறியதாக வருகிறதே என்று நேரத்தைக் குறைப்பதும், உருண்டையாகவில்லையே என்று நீரைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதும் ஏன் தவறு என்பது விளங்கும்.

வேகத்தை நிமிடச் சுற்றில் மட்டும் எழுதி வைப்பது பயனற்றது. மணியின் மேல் விழும் அடி, தட்டின் விளிம்பு வேகத்தைப் பொறுத்தது. 230 மி.மீ. தட்டு 1000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 12 மீட்டர். 380 மி.மீ. தட்டில் அதே 12 மீட்டருக்கு 600 சுற்று போதும். கல்லூரி இயந்திரத்தில் கிடைத்த 1000-ஐ அப்படியே பெரிய இயந்திரத்தில் போட்டால் வேகம் 20 மீட்டராகிவிடும். முதல் நொடிகளில் இழை தூளாகி, பிறகு அந்தத் தூள் ஈர மணிகளின் மேல் அப்பிக்கொள்ளும். அதனால்தான் மிகை வேகத்தில் தூளும் பெருத்த மணியும் ஒரே பேட்ச்சில் தென்படுகின்றன.

வேகம் குறைவு என்றால் இழை நறுங்காது. துண்டுகள் கம்பு போலவே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேரம் வழக்கமாக 2 முதல் 10 நிமிடம். நீண்ட நேரம் ஓட்டினால் நடப்பது மாவின் ஈரத்தைப் பொறுத்தது. ஈரம் மிகுந்த மாவில் அடிபட்டு அடிபட்டு உள்நீர் மேலே வந்து மணி வளரும். வறண்ட மாவில் தோல் உரிந்து மணி தேயும். ‘நேரம் கூடினால் அளவு கூடுமா?’ என்ற கேள்விக்கு ஆய்வுகளில் இரண்டு பதிலும் கிடைப்பது இதனால்தான்.

சரக்கின் அளவைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரியாக நிரப்பினால் மணிக்கூட்டம் சுவரோரமாக முறுக்கிய கயிறு போலப் புரண்டு ஓடும். குறைவாகப் போட்டால் மணிகள் தனித்தனியே தட்டில் எகிறும். அதிகமாகப் போட்டால் நடுவில் ஒரு பகுதி அசையாமல் உட்கார்ந்துவிடும். தட்டின் வெட்டு வரிகளுக்கிடையே உள்ள தூரம் இழையின் விட்டத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், 1 மி.மீ. இழைக்கு 2 அல்லது 3 மி.மீ. என்பது புழக்கத்தில் உள்ளது. வரிக்குள் ஈர மாவு அடைத்துக்கொண்டால் தட்டு வழவழப்பாகி வேகம் வீணாகும். பேட்ச்சுக்கு இடையில் தூரிகையால் சுத்தம் செய்வதைத் தவிர்க்கக்கூடாது.

உலர்த்தலில் சுருங்குவது

ட்ரே டிரையரில் மெதுவாகக் காய்ந்தால் எம்சிசி நார்கள் நெருங்கி மணி நன்றாகச் சுருங்கி இறுகும். காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தும் எஃப்பிடியில் வேகமாகக் காய்வதால் சுருக்கம் குறைவு. உள்ளே துளைகள் மிஞ்சும், மணி சற்றுப் பெரியதாக நிற்கும். விட்டத்தில் 10 சதவீதச் சுருக்கம் என்பது கன அளவில் 27 சதவீதம். எனவே டிரையரை மாற்றியவர் மணியின் அளவு மாறியதற்குப் பிழியும் பகுதியில் காரணம் தேடக்கூடாது.

எப்படி அளப்பது

சலிப்பில் வரும் பெரிய குழப்பம் சல்லடையின் மெஷ் எண். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் 16 என்பது 1.18 மி.மீ.; பிரிட்டிஷ் தரமான பிஎஸ்எஸ் 16 என்பது 1.00 மி.மீ. ‘16-ல் நின்றது’ என்று மட்டும் எழுதினால் எந்தப் 16 என்று யாருக்கும் தெரியாது. மி.மீ. அல்லது மைக்ரானில் எழுதுங்கள். வழக்கமான இலக்கு 0.85-க்கும் 1.18-க்கும் இடையே நிற்கும் பங்கு. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள்; தூளும் கட்டியும் சம அளவில் உள்ள மோசமான பேட்ச்சும் அழகான சராசரியைக் காட்டும்.

அளவு தப்பினால் நோயாளிக்கு என்ன

0.8 மி.மீ. மணிக்கும் 1.2 மி.மீ. மணிக்கும் ஒரே எடைக்கு மேற்பரப்பு ஒன்றரை மடங்கு வேறுபடும். மணியின் மேல் மருந்தை மெதுவாக விடும் படலம் எடையில் 10 சதவீதம் பூசுகிறோம் என்று வையுங்கள். மணியின் அடர்த்தி 1.4, படலத்தின் அடர்த்தி 1.2 என்றால் படலத்தின் தடிமன் 0.8 மி.மீ. மணியில் சுமார் 15 மைக்ரான், 1.2 மி.மீ. மணியில் சுமார் 23 மைக்ரான். பேட்ச் முழுதும் சிறிய மணியாகப் போனால், 12 மணி நேரம் ஓட வேண்டிய மருந்து முன்கூட்டியே வெளியேறும். மருந்து எவ்வளவு வேகமாகக் கரைந்து வெளிவருகிறது என்று பார்க்கும் டிசல்யூஷன் சோதனை தவறியதும், படலம் பூசும் கோட்டிங் பிரிவைக் குடைவார்கள். விதை நான்கு படி முன்னால் பிசைந்த மாவில் விழுந்திருக்கும்.

250 மில்லிகிராம் நிரப்பும் கேப்சூலில் 1.0 மி.மீ. மணி ஏறத்தாழ 340 இருக்கும், 0.8 மி.மீ. என்றால் 670-க்கு அருகில். கலந்த அளவில் வரும் பேட்ச், நிரப்பும் இயந்திரத்தின் மேலுள்ள கூம்புத் தொட்டியான ஹாப்பரில் பிரியும்: சிறியவை கீழே இறங்கும், பெரியவை மேலே நிற்கும். நிரப்பும் வேலையின் தொடக்கத்தில் வந்த கேப்சூலும் கடைசியில் வந்ததும் ஒன்றாக இருக்காது. மணி உள்ள கேப்சூலை நோயாளி மென்று விழுங்கக்கூடாது என்று பார்மசிஸ்ட் சொல்வதும் இந்தப் படலம் நொறுங்கிவிடும் என்பதால்தான்.

மிஞ்சிய தூளும் கட்டியும்

சல்லடைக்கு மேலும் கீழும் மிஞ்சியதை அரைத்து அடுத்த பேட்ச்சில் சேர்க்கும் ஆசை எல்லா இடத்திலும் உண்டு. ஒருமுறை நனைந்து காய்ந்த எம்சிசி, முதல்முறை போல நீரைப் பிடித்து உப்புவதில்லை. ஆகவே மறுசரக்கு கலந்த மாவுக்குப் பழைய அளவு நீரை ஊற்றினால் அது மிகை நீர் போல நடந்துகொள்ளும், மணி பெருக்கும். அனுமதிக்கப்பட்ட நடைமுறை இருந்தால், மறுசரக்கின் பங்கை ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே சதவீதத்தில் நிறுத்தி, அந்தச் சதவீதத்துக்கென்று தனியாக நீர் அளவைச் சோதித்து வைத்திருக்க வேண்டும். மாவைப் பிசைந்து முடித்ததும் ஒரு எல்ஓடி, எக்ஸ்ட்ரூடர் வாயில் ஒன்று, தட்டிலிருந்து இறக்கும்போது ஒன்று என மூன்று எண்களும் ரெக்கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், நீர் எந்தப் படியில் தப்பியது என்று அடுத்த ஷிஃப்ட்காரர் யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்.